கண்மாய்க்கரையும் மக்கள் நீதிமன்றமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் தகராறு பெரும்பாலும் தண்ணீரிலும் வரப்பிலும்தான் பிறக்கிறது. குண்டாற்றில் எப்போதாவதுதான் வெள்ளம் வரும். அரைகுறையாகப் பெருகிய கண்மாயில் எந்த மடையை முதலில் திறப்பது என்பதை ஊர்க்கூட்டம் பேசி முடிக்கும். எந்த வயலுக்கு எவ்வளவு பாயும் என்பது நீர்பாய்ச்சிக்குத் தெரியும். எல்லைக்கல் இருந்த இடம் பெரியவர்களுக்குத் தெரியும். சண்டை போட்ட இருவரும் மறுநாள் அதே கரையில்தான் நிற்க வேண்டும். அதனால் இருவரையும் முறிக்காமல் பேசத் தெரிந்தவர் சொல்லுக்கே அங்கே மரியாதை.

மக்கள் நீதிமன்றத்துக்கு இந்த மண் பரிச்சயம் கிடையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது அது. சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு இல்லை. ஆனால் அதன் பெரிய பலம் வேறு. ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிலுவை வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பிவிடும். சம்மதமில்லாமல் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது என்று 2008இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

ஊர்க்கூட்டத்தில் மறுத்துச் சொல்லும் இந்த வாசல் அடைத்தே கிடக்கிறது. "முடியாது" என்றவருக்கு அபராதம், மீறினால் ஊர்விலக்கு என்று போன ஊர்கள் உண்டு. பெண்களையும் தலித்துகளையும் உட்காரவிடாத கூட்டத்தில் பிறந்ததைச் சமாதானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான்.

கோர்ட்டுப் படியேறினால் மட்டும் பகை ஆறிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்துக் கமுதியில் 1897இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தது வழக்காகி, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் அதே கோயில் நுழைவுப் பகையில் 1899இல் சிவகாசிக் கலவரம். பழைய வழக்கத்தையே அளவுகோலாக வைத்தது அந்தக் கமுதித் தீர்ப்பு. வழக்கமே அநீதியாக இருந்தால் ஊரும் கோர்ட்டும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மடைமுறையை ஊரே பேசட்டும். சாதி, பெண்ணின் சொத்து, ஜீவனாம்சம் என்று வரும்போது வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடுவதே பாதுகாப்பு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. வழக்குப் போடும் முன்பே பிரச்சினையைச் சமரசத்துக்குக் கொண்டுபோகவும் முடியும்.