பால்வீதிக்கு அப்பாலிருந்து ஒரு துடிப்பு

நம் பால்வீதிக்கு வெளியே உள்ள ஒரு துடிப்பு விண்மீனின் காமாக் கதிர்த் துடிப்பு முதன்முதலாக அறியப்பட்ட செய்தி, 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளிவந்தது. அவ்விண்மீன் அன்று புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஐன்ஸ்டீன் எக்ஸ் கதிர் வானாய்வகத்தின் பதிவுகளைக் கொண்டு 1984ஆம் ஆண்டிலேயே அதனை இனங்கண்டிருந்தனர். இருந்தும் அதன் காமாக் கதிர்களை உணர மேலும் 31 ஆண்டுகள் ஆயின. இத்தனை காலம் ஏன் தேவைப்பட்டது என்பதையும், அதன் முடிவில் அறிவியலார் தம் கருத்துகளுள் எதனைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு விண்மீன்களின் இறப்பு பற்றிய வினாவிலிருந்து தொடங்குகிறது. 1930ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என அப்பயணத்திலேயே கணித்தார். அவ்வெல்லை சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதனைக் கடந்தால் என்ன நிகழும்? பெருவிண்மீன் வெடித்துச் சிதறும்போது அதன் நடுப்பகுதி நியூட்ரான்களாலான சிறு கோளமாகச் சுருங்கக்கூடும் என்று வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் 1934இல் எழுதினர். கருத்தாக மட்டும் இருந்த அந்த நியூட்ரான் விண்மீனுக்கு 1967இல் சான்று கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜாசலின் பெல், 1.337 விநாடிக்கு ஒருமுறை தவறாது வந்த வானொலித் துடிப்பைப் பதிவுத்தாளில் கண்டார். இக்கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு 1974இல் அவருடைய ஆய்வு வழிகாட்டி அந்தோணி ஹியூவிஷுக்குச் சென்றது. பெல்லின் பெயர் அப்பரிசில் இடம்பெறவில்லை.

'துடிப்பு விண்மீன்' என்னும் சொல்லை வகுப்பறையில் ஆளும் ஆசிரியர்கள் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். அவ்விண்மீன் நாடியைப் போல் விரிந்து சுருங்குவதில்லை, அது சுழல்கிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குறுக்களவே கொண்ட அக்கோளத்தைச் சூழ்ந்த வலிய காந்தப்புலம் கதிர்களைக் குறிப்பிட்ட திசைகளில் செலுத்துகிறது. கலங்கரை விளக்கின் சுழலொளி கடலில் செல்லும் மாலுமிக்கு விட்டுவிட்டுத் தெரிவதுபோல், அக்கதிர்கள் நம்மைக் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு தோன்றுகிறது.

காமாக் கதிர்களைப் பூமியின் வளிமண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றை நேரே காண விண்வெளிக்குச் செல்ல வேண்டும். 1972இல் அனுப்பப்பட்ட சாஸ்-2, 1975இல் அனுப்பப்பட்ட காஸ்-பி ஆகிய செயற்கைக்கோள்கள் நண்டு ஒண்முகிலிலும் வேலா பகுதியிலும் உள்ள துடிப்பு விண்மீன்களைக் காமாக் கதிர்களில் ஆராய்ந்தன. காம்டன் ஆய்வகம் 1991 முதல் 2000 வரை பணியாற்றிய பின்னரும், அறியப்பட்ட காமாத் துடிப்பு விண்மீன்கள் ஏழே. 2008 ஜூன் 11ஆம் நாள் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கி இந்நிலையை மாற்றியது. காமாக் கதிரின் ஒளித்துகள் அதிலுள்ள டங்ஸ்டன் தகட்டில் மோதும்போது ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் பிறக்கின்றன. சிலிக்கன் உணரிகள் அவ்விரண்டின் தடங்களைப் பதிவு செய்ய, அத்தடங்களைக் கொண்டு ஒளித்துகள் வந்த திசை கணிக்கப்படுகிறது. ஏழாக இருந்த எண்ணிக்கை 2015க்குள் 160ஐத் தொட்டது. எனினும் அவை அனைத்தும் பால்வீதிக்குள்ளேயே இருந்தன.

பால்வீதியின் துணை மண்டலங்களுள் ஒன்று பெரிய மெகல்லன் மேகம். அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,63,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. தென்னிலத்து மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த அம்மேகத்துக்கு, 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியப் படையில் பணியாற்றிய கடலோடி மெகல்லனின் பெயர் பிற்காலத்தில் வழங்கலாயிற்று. அம்மேகத்தின் டரான்டுலா ஒண்முகில் புதிய விண்மீன்கள் பெருவாரியாகப் பிறக்குமிடம். ஃபெர்மியின் முதற்பதிவுகள் அங்கிருந்து காமா ஒளி மிகுதியாக வருவதைக் காட்டின. விண்மீன் பிறப்பிடங்களில் விரைவூட்டப்படும் காஸ்மிக் கதிர்கள் அங்குள்ள வளிமத்தோடு மோதுவதால் அவ்வொளி எழுகிறது என 2010இல் விளக்கம் தரப்பட்டது. காஸ்மிக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்பது ஒரு நூற்றாண்டு காலமாகக் கேட்கப்பட்டுவரும் வினாவாகையால், இவ்விளக்கம் பெரிதும் கருதத்தக்கதாயிற்று.

ஆயினும் அதே திசையில் இரண்டு துடிப்பு விண்மீன்களும் இருந்தன. ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 20 முறையும், மற்றொன்று 62 முறையும் சுழல்வன. வானில் அவற்றுக்கிடையே தோன்றும் இடைவெளி முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ பாதி. காமாக் கதிர்களில் ஃபெர்மி காணும் உருவமோ பெரும்பாலும் முழுநிலவை விடவும் அகன்று மங்கியிருக்கும். எனவே ஒளியின் மூலத்தை உருவத்தால் மட்டும் பிரித்தறிய இயலவில்லை.

இடத்தால் அறிய இயலாததைக் காலத்தால் அறிய முனைந்தனர். ஒவ்வோர் ஒளித்துகளும் வந்து சேர்ந்த நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு ஏற்பத் திருத்தி, அந்நேரத்தில் விண்மீன் தன் சுழற்சியின் எக்கட்டத்தில் இருந்தது எனக் கணிக்க வேண்டும். அவ்வாறு தொகுத்த நேரங்கள் ஒரே கட்டத்தில் குவிந்தால் ஒளி அவ்விண்மீனுடையது. எங்கும் சீராகப் பரவினால் அதன் துடிப்பு காணப்படவில்லை என்பது பொருள். மெதுவான விண்மீன்கூட ஓராண்டில் ஏறத்தாழ 62 கோடி முறை சுழல்கிறது. அக்கணக்கில் ஒரு சுற்றுப் பிசகினும் குவிப்பு கலைந்துவிடும். 1995இன் இறுதியில் ஏவப்பட்ட ராஸ்ஸி எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் திரட்டிய சுழற்சி அளவீடுகளே இதற்குத் துணைநின்றன. ஃபெர்மியின் தரவுகளும் மேம்பட்ட முறையில் மீளாய்வு செய்யப்பட்டன.

விநாடிக்கு 20 முறை சுழலும் விண்மீனின் துடிப்பு இவ்வாறு வெளிப்பட்டது. அதன் காமா ஆற்றல் நண்டு விண்மீனுடையதைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. இத்தனைக்கும் அதன் சுழற்சி தளர்வதால் வெளியாகும் மொத்த ஆற்றல், நண்டு விண்மீனுடையதில் மூன்றில் ஒரு பங்கே. அதனினும் விரைந்து சுழலும் மற்றொன்றில் துடிப்பு எதுவும் தென்படவில்லை. விரைவு மிகுந்ததே காமாக் கதிர்களிலும் மிகுந்து ஒளிரும் என எளிதாகக் கருதிவிட இடமில்லை என்பது தெளிவாயிற்று.

இதனினும் முதன்மையானது மற்றொன்று. டரான்டுலா ஒண்முகிலுக்கு உரியதென எண்ணப்பட்ட காமா ஒளியில் ஏறத்தாழ பாதி, இந்த ஒரே விண்மீனிலிருந்து வருவது எனத் தெரிந்தது. ஆகவே அங்குள்ள காஸ்மிக் கதிர்களைப் பற்றிய மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முந்தைய ஆய்வாளர் கண்ட ஒளி உண்மை. அதற்கு உரியவர் யார் என்பதே மாறியது.

ராஸ்ஸி செயற்கைக்கோள் 2012 ஜனவரியிலேயே பணி முடித்துவிட்டது. அது விட்டுச்சென்ற நேரக்குறிப்புகள் இல்லாதிருந்தால், ஃபெர்மி திரட்டிய ஒளித்துகள்களிலிருந்து இத்துடிப்பைப் பிரித்தெடுத்தல் அரிதாயிருக்கும். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் நாளும் நேரமும் பிழையின்றி எழுதுமாறு மாணவரிடம் வலியுறுத்தும் ஆசிரியர், இவ்வரலாற்றைச் சான்றாகக் காட்டலாம்.