குற்றாலச் சாரலும் யவனர் மதுவும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியில் நின்று மேற்கே பாருங்கள். மலைத்தொடர் ஓரிடத்தில் சற்றே பணிந்து வழி விட்டிருப்பது தெரியும். செங்கோட்டைக்கு அப்பால் உள்ள ஆரியங்காவுக் கணவாய் அது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவக்காற்று, எஞ்சிய ஈரத்துடன் அந்த வாசல் வழியே நுழைந்து தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரலாகத் தூவுகிறது. அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வீடு திரும்பினால், அடுப்பில் மிளகு ரசமோ மிளகுக் குழம்போ கொதித்துக்கொண்டிருக்கும். அந்த மணமே பாதிக் குளிரைப் போக்கிவிடும்.

இந்தக் காற்றுக்கும் இந்த மணத்துக்கும் உள்ள உறவு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. இதே காற்றைப் பாய்களில் ஏந்திக்கொண்டுதான் யவனர் கப்பல்கள் செங்கடலிலிருந்து நம் மேற்குக் கரைக்கு வந்தன. அவர்கள் முதன்மையாகத் தேடி வந்தது மிளகு. அவர்கள் கொண்டுவந்தவற்றுள் ஒன்று திராட்சை மது.

மேலை நாடுகளில் எந்த உணவுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று பார்ப்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. மிளகு தூவிய இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்பது அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த வழக்கம். அது ஏன் பொருந்துகிறது என்று வேதியியலைக் கேட்டால், அது நம்மை மறுபடியும் இந்த மலைச்சரிவுக்கே அழைத்து வருகிறது. அந்த வழியைத்தான் இங்கே காணப்போகிறோம். (குடிக்கத் தூண்டும் கட்டுரை அன்று இது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. சுவையின் அறிவியலை அறிய நம் வீட்டு மிளகும் வாழைப்பூவுமே போதும்.)

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடல்வழிக் கையேடு இன்றும் கிடைக்கிறது. 'எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்பது அதன் பெயர். எந்தத் துறையில் என்ன விற்கும், என்ன வாங்கலாம் என்று ஒரு கணக்கப்பிள்ளையின் கறாருடன் அதை எழுதியிருக்கிறார். மேற்குக் கரையில் முசிறி சேரனுக்கு உரியது என்கிறார். அதற்குத் தெற்கே உள்ள நெல்கிண்டா பாண்டியனுக்கு உரியது என்கிறார். மதுரையில் இருந்த பாண்டியனுக்கு மேற்குக் கரையில் துறைமுகமா என்று வியக்கவேண்டாம். ரோமானியரான பிளினியும் அதே பகுதியில் பாண்டியனின் துறையைக் குறிப்பிட்டு, அந்த அரசன் உள்நாட்டில் வெகுதொலைவில் மதுரையில் வாழ்கிறான் என்கிறார். அந்தத் துறைக்கும் மதுரைக்கும் இடையே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அதைக் கடக்க இயற்கை விட்டுவைத்த வழிகள் சில. நம் ஆரியங்காவு அவற்றுள் ஒன்று.

இந்தத் துறைகளில் இறங்கும் சரக்குகளின் பட்டியலில் மதுவும் உண்டு. ஆனால் ‘அதிகமில்லை’ என்று கையேடு சேர்த்துச் சொல்கிறது. இந்த ஒரு சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. வீட்டுக்கு வீடு குடித்த பொருள் அன்று அது. அரிய பொருள், அரண்மனைப் பொருள். புறநானூற்றில் நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, நாளும் மகிழ்ந்திருப்பாயாக என்கிறார். அந்த மதுவின் மணத்தையும் குளிர்ச்சியையும் புலவர் குறித்திருப்பதைக் கவனியுங்கள். இன்று ஒயினைச் சுவைத்துப் பார்ப்பவர்களும் இவ்விரண்டையும் கவனிக்கிறார்கள்.

அந்தக் கலங்கள் எப்படி இருந்தன? புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இரு கைப்பிடியும் கூர்ந்த அடியும் உடைய ஆம்போரா என்னும் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மது கசியாமல் இருக்க உட்புறம் பிசின் பூசியிருந்தார்கள். பிற்காலத்தில் இவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்னும் அம்மையார், கிரேக்கத் தீவாகிய கோஸின் சாடி வகையே இங்கு மிகுதி என்று கண்டார். கோஸ் மது கடல் நீர் கலந்து செய்யப்பட்டது! உப்புக் கரிக்கும் மதுவை யார் விரும்புவார் என்று எண்ணாதீர்கள். இத்தாலியில் அதற்கு அவ்வளவு கிராக்கி. அதைப்போன்ற போலிச் சரக்கை வீட்டிலேயே செய்யும் முறையை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கேட்டோ என்பவர் தம் வேளாண்மை நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

அரிக்கமேட்டை ரோமானியரின் வணிக நிலையமாகவே வீலர் கண்டார். பல ஆண்டுகள் பாடநூல்களும் அவ்வாறே கூறின. 1989 முதல் 1992 வரை அங்கு மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி குழுவினர், யவனர் வருவதற்கு முன்பே அது தமிழர் வாழ்ந்த ஊர் என்பதைக் காட்டினர். இன்னொரு திருத்தமும் வந்தது. இந்தியாவில் கிடைத்த ‘ரோமானிய’ ஓடுகளை 2007இல் ரொபெர்ட்டா டாம்பர் மறுபடி ஆராய்ந்தார். அவற்றில் பல, பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து வந்த, நிலக்கீல் பூசிய வேறுவகைச் சாடிகளின் ஓடுகள் என்று தெரிந்தது. ஆகவே ஓடு கண்ட இடமெல்லாம் ரோமானிய மது என்று சொல்லிவிட முடியாது. மேலும், சாடி வந்த இடமெல்லாம் யவனரே அமர்ந்து குடித்தார்கள் என்று கருதுவதும் தவறு. நக்கீரர் பாட்டில் குடிப்பவன் பாண்டியன். பல நாட்டுச் சரக்கு வந்து குவிந்த சந்தையில் நின்று, வேண்டியதைச் சுவை பார்த்து வாங்கியவர்களாக நம் முன்னோரைக் காண்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி மிளகின் பயணம். செங்கடற்கரையில், எகிப்தின் பெரனிகே துறையில் ஒரு கோயிலை அகழ்ந்தபோது, இந்தியாவில் வனைந்த பெரிய தாழியில் ஏறக்குறைய ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரோமில் ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியம், வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று பிளினி விலை எழுதுகிறார்; கடுப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத இந்தக் காயை எதற்கு வாங்குகிறார்களோ என்று சலித்தும் கொள்கிறார். அவர் மூக்கை நம்பாமல் நாக்கை மட்டும் நம்பினார் போலும்! அவருடைய நாட்டுச் சமையற்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. அபிசியுஸ் என்னும் பெயரால் வழங்கும் ரோமானியச் சமையல் நூலின் முதல் குறிப்பே மதுவில் தேனும் மிளகும் பேரீச்சையும் குங்குமப்பூவும் சேர்த்துக் காய்ச்சும் பானத்தைப் பற்றியது. ஆக, மதுவையும் மிளகையும் ஒரே கலத்தில் கூட்டியவர்கள் ரோமானியர். அதற்கு மிளகு தந்தது நம் மலை.

அக்காலப் பாண்டிய நாட்டு இரவு உணவில் காரம் என்றால் மிளகு, இஞ்சி, திப்பிலி ஆகியவையே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுக்கீசியர் வந்த பிறகே அது இந்தியாவுக்கு வந்தது. ‘கறி’ என்னும் சொல்லே பழந்தமிழில் மிளகைக் குறித்தது. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வீட்டு விருந்து வருகிறது. மாதுளம்பிஞ்சைப் பிளந்து, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்து, மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வேகவைத்துத் தருகிறார்கள். மாதுளம்பிஞ்சைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாய் எப்படிச் சுருங்கும் என்று. அந்தத் துவர்ப்புக்கு வெண்ணெய்.

இது வெறும் கைப்பழக்கம் அன்று. துவர்ப்பைத் தருபவை டானின் என்னும் பொருள்கள். வாயில் விழுந்ததும் அவை உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. வழவழப்புப் போய் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து உராய்கின்றன. நாம் துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணுகிறோம். உடலியலார் பலர் அதைத் தொடு உணர்ச்சி என்பர். சிவப்பு ஒயினைத் திராட்சையின் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைப்பதால், நிறத்துடன் டானினும் அதில் இறங்கிவிடுகிறது. சாற்றை மட்டும் பிழிந்து புளிக்க வைக்கும் வெள்ளை ஒயினில் அது மிகக் குறைவு. கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சியை உடன் உண்டால் டானினில் ஒரு பங்கு அவற்றோடு சேர்ந்துவிடும். உமிழ்நீர் அந்த அளவுக்குத் தப்பும். துவர்க்கும் கட்டன் டீயில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவது இதே காரணத்தால்தான். வாழைப்பூவை நறுக்கி மோரில் போடும்போது, மோரின் புளிப்பு அது கறுக்காமல் காக்கிறது. மோரின் புரதமோ துவர்ப்பைக் குறைக்கிறது. பிறகு பருப்போடு சேர்த்து உசிலி செய்கிறார்கள். பிரான்சு நாட்டு இல்லத்தரசி ஒயினுக்கு இறைச்சி தேடுவதும், நம் பாட்டி வாழைப்பூவுக்குப் பருப்பு தேடுவதும் ஒரே கணக்கு.

மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்பது அங்கு வழங்கும் இன்னொரு விதி. டானினே காரணம் என்று பலரும் எண்ணியிருந்தனர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் வேறு காரணம் கண்டனர். ஒயினில் சிறிதளவு கரைந்துள்ள இரும்பு, கடல் உணவின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சு வாடையை எழுப்புகிறதாம்.

நம் காரக் குழம்புக்கு ஒயின் ஒத்துவருமா என்று கேட்பீர்களானால், வராது என்றே சொல்லவேண்டும். மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் வெப்பத்தை உணரும் நரம்பு வாயில்களைத் திறந்துவிடுவதால்தான் நாக்கு எரிகிறது. ஆல்ககால் அதே வாயில்களை இன்னும் எளிதாகத் திறக்கச் செய்யும்; எரிச்சல் கூடும். கேப்சைசினை நாக்கிலிருந்து அகற்ற உதவுவது பாலில் உள்ள புரதமும் கொழுப்பும். எல்லையோரக் கடைகளில் மிளகுக் கோழியும் பரோட்டாவும் தின்றுவிட்டுக் கண்ணீர் வடிப்பவர்களுக்கு மோரே கைகண்ட துணை.

ஒரு செய்தி மிச்சமிருக்கிறது; இதற்காகவே இவ்வளவும் எழுதினேன். மிளகின் எரிப்பு வேறு, மணம் வேறு. எரிப்பைத் தரும் பைப்பரினை 1819இல் பிரித்தெடுத்தவர் ஏர்ஸ்டெட். மறு ஆண்டே, மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டு புகழ்பெற்ற அதே ஏர்ஸ்டெட்தான். மணத்தின் கதை அத்தனை எளிதாக முடியவில்லை. ஷிராஸ் என்னும் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினை முகர்ந்தால் சில வேளை அப்போதுதான் பொடித்த மிளகின் மணம் வரும். யாரும் மிளகு போட்டதில்லை. பிறகு எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் விடை கண்டனர். ரொட்டன்டோன் என்னும் சேர்மம் அது. திராட்சைத் தோலில் உருவாகிறது. மிளகின் சிறப்பான மணத்துக்கும் அதுவே காரணம் என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்தது. மிளகில் அது ஒயினில் உள்ளதைவிடப் பல ஆயிரம் மடங்கு உண்டு. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அறிந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் இருந்தால் ஆறேகால் கோடி லிட்டருக்கு மணம் தரலாம்!

‘ரொட்டன்டோன்’ என்னும் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சைப்பிரஸ் ரொட்டன்டஸ் என்ற செடியின் பெயரிலிருந்து. நம் வயல் வரப்பில் களையாக முளைக்கும் கோரைதான் அது. குழந்தைகளைக் குளிப்பாட்டும் நலங்குமாவில் நம் வீட்டார் இடித்துச் சேர்க்கும் கோரைக்கிழங்கு. அதன் எண்ணெயிலிருந்து இந்தச் சேர்மத்தை 1967இல் முதலில் பிரித்தவர்கள், புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த நம் நாட்டு வேதியியலாளர்கள். மிளகில் அதைத் தேட அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

நீங்களே இதைச் சோதிக்கலாம். நாட்டுமருந்துக் கடையில் கொஞ்சம் உலர்ந்த கோரைக்கிழங்கு வாங்கி இடியுங்கள். மிளகையும் தனியே பொடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறி முகருங்கள். பிற மணங்கள் குறுக்கிடும், பொறுமையாகத் தேடுங்கள். நைவேத்தியம் செய்பவர்கள் வாயில் வைத்துச் சுவை பார்க்காமலே சமைப்பார்கள். அந்த நிதானம் வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்றால் மூக்கைக் குறை சொல்லாதீர்கள். ஆஸ்திரேலிய ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர், மற்றவர்களுக்குப் போதுமான அளவைப்போல் பல நூறு மடங்கு தண்ணீரில் கலந்து கொடுத்தும் அந்த மணத்தை உணரவே இல்லை. சாரல் நாளில் ஒரே ரசத்தைச் சுற்றி அமர்ந்து, ‘மிளகு மணக்கிறது’ என்று நால்வரும் ‘எங்கே மணக்கிறது?’ என்று ஒருவரும் வாதாடினால், இரு தரப்பும் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம்.