நெய்தலின் பெரும்பொழுது

ஐந்திணைக்கும் பொழுது வகுத்த தொல்காப்பியர், முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் பெரும்பொழுது என்றார். மருதத்திற்கும் நெய்தலுக்கும் சிறுபொழுது மட்டுமே கூறி அமைந்தார். வரைந்து கூறாமையின் இவ்விரண்டிற்கும் ஆறு பருவமும் உரிய என்பது உரையாசிரியர் கருத்து. நாற்கவிராச நம்பியும் அவ்வாறே கொண்டார். இரங்கலாகிய உரிப்பொருளுக்கு இது பொருந்தும். கடலிற் சென்று மீன் பிடிப்பார்க்கு ஆறு பருவமும் ஒரு தன்மையவோ என்பதே ஈண்டு எழும் வினா.

பரதவர் ஆண்டினைப் பகுத்தது மழையாலும் பனியாலும் அன்று. காற்றாலும் நீரோட்டத்தாலும் ஆகும். கொண்டல், கோடை, வாடை, தென்றல் என நாற்றிசைக் காற்றிற்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. அகப்பாடல்களில் வாடை தனித்திருக்கும் தலைவியை வருத்துவது. கடற்கரையிலோ அது வலையின் போக்கையே மாற்றுவது. சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் நீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். வேனிலில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். சென்னைப் பகுதி மீனவர் முன்னதை வன்னி என்றும் பின்னதைத் தெண்டி என்றும் வழங்குவர். இச்சொற்கள் நம் அகராதிகளில் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெற்றில.

பொறி பூட்டாத கட்டுமரத்திற்கு ஒரு நாட் செலவும் காற்றினால் அமைந்ததே. விடியுமுன் நிலத்திலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துச் செல்வர். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழ, அதனொடு மீள்வர்.

இனிப் பட்டினப்பாலைச் செய்தியொன்று நோக்கற்பாலது. உவா நாளில் பரதவர் கடல்வேட்டம் செல்லாது, சுறவுக்கோடு நட்டு வழிபட்டு, உண்டு ஆடினர் என்கிறார் உருத்திரங்கண்ணனார். இதனை வழிபாட்டு நாளாக மட்டும் கொள்வர். முழுமதி நாளில் கடலேற்றமும் நீரின் விசையும் மிகும். நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகும். ஆதலின் அவ்வோய்வில் தொழிலறிவும் கலந்திருத்தல் கூடும் என்பது எம் கருத்து. நூல் காரணம் கூறாமையின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் ஆகாது.

கரைதோறும் பருவம் வேறுபடும் என்பதற்குக் குமரி மாவட்டமே சான்று. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அம்மாவட்டத்தின் மேற்குக் கரையில் அத்தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடையின் நோக்கம் மீனினம் பெருகுதலே எனினும், மேற்கில் அது தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்போடு ஒத்து நிற்கிறது.

பருவமறிதல் பிழைத்தற்கு இடமுண்டு. 2017 நவம்பர் இறுதியில் குமரிக்கடலை ஒட்டி விரைந்து வலுப்பெற்ற ஒக்கிப் புயல், முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர் பலரை மீளாது செய்தது. புயலெச்சரிக்கை கரையை எட்டியபோது அவர்கள் அதனைக் கேட்கும் எல்லைக்கு அப்பால் இருந்தனர். புறப்படும் வைகறையில் காற்றும் நீரும் நோக்கும் பழைய முறை, அன்றே மீளும் கட்டுமரத்திற்குப் போதியது. பல நாள் கடலில் தங்கும் படகிற்குப் போதாது. செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவிகள் படகுகளில் பொருத்தப்பெறுதல் அதன் பின்னரே பரவலாயிற்று.