இடமும் அவகாசமும் இழக்கும் கடலோரம்: வெப்பமாகும் கடலில் ஆமைகளும் பவளத்திட்டுகளும்

பெங்களூரு: கடல்மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில், இரு கடற்கரைகளில் இருந்தும் நெடுந்தொலைவில் உள்ள நகரம் பெங்களூரு. ஆயினும் இந்தியக் கடலாமைகளைப் பற்றிய நீண்டகால ஆய்வுகளில் முக்கியமான சில இங்கிருந்தே நடத்தப்படுகின்றன. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையமும், இந்நகரில் இயங்கும் தக்ஷின் அறக்கட்டளையும் ஒடிசாவின் ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்திலும் சிறிய அந்தமான் தீவிலும் ஆமைகள் முட்டையிடும் கரைகளைப் பல ஆண்டுகளாகக் கண்காணித்து வருகின்றன. கடலோர வாழிடங்கள் காலநிலை மாற்றத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்ற கேள்விக்கு, இத்தகைய பொறுமையான கணக்கெடுப்புகளே விடை தருகின்றன.

கடல் சூடேறினால் கடலோர உயிர்கள் அழிந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். உண்மை நிலை சற்றுச் சிக்கலானது. மணற்கரை, அலையாத்திக் காடு, பவளத்திட்டு ஆகிய மூன்றுமே புயலையும் அலையையும் கண்டு மாறிப் பழகியவை. கடல் முன்னேறினால் மணற்கரை பின்வாங்கும். அலையாத்தி மரங்கள் நிலப்பக்கம் நகர்ந்து முளைக்கும். இறந்த பவளத்தின் மேல் புதிய பவளம் வளரும். ஆனால் பின்வாங்குவதற்கு இடம் வேண்டும், மீண்டும் வளர்வதற்கு அவகாசம் வேண்டும். இன்று குறைந்து வருபவை இவ்விரண்டும்தான்.

மணலின் சூடே பாலினத்தைத் தீர்மானிக்கும்

கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பநிலையே முடிவு செய்கிறது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் இரு பாலினமும் கலந்து பிறக்கும். அதைவிடக் குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள், சூடேறினால் பெண் குஞ்சுகள் மிகும். மேலும் கடுமையான வெப்பத்தில் முட்டைக்குள்ளேயே கரு இறந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த பேராமைகளில், இளம் வயதுடையவற்றில் 99 விழுக்காடு பெண்களே என்று 2018-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. ஒடிசாவில் நிலைமை அந்த அளவுக்குச் செல்லவில்லை. பங்குனி ஆமைகள் ஆண்டின் தொடக்க மாதங்களில், கோடை முற்றுவதற்கு முன்பே அங்கு கரையேறுவது இதற்கு ஒரு காரணம். 2025-ஆம் ஆண்டு ருஷிகுல்யாவில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகப் பதிவாகியுள்ளது. எனினும் எண்ணிக்கையைக் கண்டு நிம்மதி கொள்வதற்கில்லை. ஒரு பருவம் முழுவதும் ஆமைகள் கூட்டமாக வராமலே போன ஆண்டுகளும் அங்கு உண்டு. முகத்துவார மணல்திட்டு இடம் மாறுவதாலும், அலை கரையை அரிப்பதாலும் முட்டைக் குழிகள் அடித்துச் செல்லப்படுவதும் உண்டு.

கரை மாறுவது ஆமைகளுக்குப் புதிதன்று. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அந்தமான், நிகோபார் தீவுகளின் முட்டையிடும் கரைகள் பல அழிந்தன. சில ஆண்டுகளில் மணல் மீண்டும் சேர்ந்தது. ஏழுவரி ஆமைகளும் திரும்பி வந்தன. சிறிய அந்தமானில் பெங்களூரு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஆமைகளில் சில ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதி வரையும், சில ஆப்பிரிக்கக் கரையை நோக்கியும் நீந்திச் சென்றன. கரையின் பின்புறம் காலி நிலமாக இருந்ததால்தான் அங்கு மணல் மீண்டும் ஒதுங்க முடிந்தது.

பின்வாங்க இடமில்லாத கரை

இந்தியாவின் பெருநிலக் கரையில் இந்த வசதி அரிது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில், நாட்டின் கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரியவந்தது. தமிழகத்தில் இது ஏறத்தாழ 43 விழுக்காடு. கர்நாடகத்தில் ஏறத்தாழ 24 விழுக்காடு. இந்த அரிப்பு முழுவதையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது. துறைமுக அலைத்தடுப்புகள் மணலோட்டத்தை மறிக்கின்றன; அணைகள் ஆற்று மணலைத் தேக்கிவிடுகின்றன. அவற்றோடு கடல்மட்ட உயர்வும் சேர்ந்துகொள்கிறது.

அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டுவதும் தூண்டில் வளைவு அமைப்பதும் வழக்கமான தீர்வுகள். வீட்டு வாசல் வரை அலை வந்துவிட்ட மீனவக் குடும்பத்திற்கு அதைவிட உடனடியான தீர்வு எதுவும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் கல் கொட்டிய இடத்தில் ஆமை ஏற முடியாது, படகை இழுத்து நிறுத்தவும் முடியாது. ஒரு கிராமத்தில் நின்ற அரிப்பு, அடுத்த கிராமத்தில் தொடங்குகிறது. மங்களூரு அருகே உள்ளாலில் பல ஆண்டுகளாக இதே சிக்கல் நீடித்ததால், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் கடலுக்குள்ளேயே செயற்கைத் திட்டுகள் அமைத்து அலையின் வேகத்தைக் குறைக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது.

இதற்கிடையே, 2019 ஜனவரியில் அரசிதழில் வெளியான கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டுமானத்திற்குத் தடையுள்ள பகுதியை 200 மீட்டரில் இருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கரை பின்வாங்குவதற்குரிய இடம் அந்த அளவுக்குச் சுருங்கியது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் உள்ள அகநாசினி கழிமுகம் இதற்கு மாறானதொரு காட்சி. அணை எதுவும் மறிக்காத ஆறு, அலையாத்திக் காடு, சிப்பி சேகரிக்கும் குடும்பங்கள், உவர்நீரிலும் விளையும் ‘கக்கா’ என்னும் நெல் ஆகியவை அங்கு அருகருகே உள்ளன. 2024-ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இக்கழிமுகம் சேர்க்கப்பட்டது. கடல்மட்டம் உயர்ந்தால் அலையாத்தி நகர வேண்டிய நிலம், இந்த நெல் வயல்களும் அவற்றின் வரப்பணைகளும் இருக்கும் நிலமே.

பவளத்திற்குத் தேவை ஆண்டுகள்

இடத்தைவிட அவகாசமே முதன்மையான கேள்வியாக இருப்பது பவளத்திட்டுகளில். பவள உயிரியின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் தருகின்றன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பும். இல்லையேல் பவளம் பட்டினியால் மடியும்.

லட்சத்தீவுகளில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல் நிகழ்ந்தது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அகத்தி, கத்மத், கவரத்தி ஆகிய தீவுகளில் 24 ஆண்டுகளாகப் பதிவு செய்த விவரங்களின்படி, 1998-இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2022-இல் 20 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. ஏறக்குறைய பாதி இழப்பு.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. ஒவ்வொரு வெளிறலிலும் இறந்த பவளத்தின் அளவு முந்தையதைவிடக் குறைந்தே வந்துள்ளது. மெலிந்த இனங்கள் முதலில் மடிய, தாங்கும் இனங்கள் எஞ்சியது இதற்குக் காரணமாகலாம். அப்படியிருந்தும் மொத்தப் பரப்பு ஏன் சரிகிறது? மீட்சி மிக மெதுவாக நடைபெறுவதே காரணம். வெளிறல் இல்லாத ஆறு ஆண்டுகள் கடந்த பிறகே வளர்ச்சி வேகம் பிடிக்கிறது. முதல் இரு நிகழ்வுகளுக்கு இடையே 12 ஆண்டுகள் இருந்தன. அடுத்ததற்கு ஆறே ஆண்டுகள். எட்டு ஆண்டுகள் கழிந்து வேகம் பிடிக்கத் தொடங்கிய வேளையில், 2023 அக்டோபர் முதல் நீடித்த கடல் வெப்ப அலையால் லட்சத்தீவுப் பவளங்கள் மீண்டும் கடுமையாக வெளிறியதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024 மே மாதம் அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான், உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நிகழ்ந்து வருவதாக அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் உறுதி செய்திருந்தது.

இனி வரும் இடைவெளிகள் பற்றிய கணிப்பும் சாதகமாக இல்லை. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலில் 1970–2000 காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 20 நாள்களாக இருந்த கடல் வெப்ப அலைகள், இந்நூற்றாண்டின் இறுதியில் 220 முதல் 250 நாள்கள் வரை நீடிக்கக்கூடும் என்று புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன விஞ்ஞானி ராக்சி மேத்யூ கோல் தலைமையிலான குழு 2024-இல் மதிப்பிட்டது.

பவளம் இறந்தால் தீவும் தேயும்

லட்சத்தீவு மக்களுக்கு இது அழகுக் காட்சி தொடர்பான கவலையன்று. தீவின் மணலே பவளத்தின் துகள்தான். திட்டு அலையை உடைப்பதால்தான் தீவு நிற்கிறது. மக்கள் வசிக்காத சிறு தீவான பரலி-1, 1968-இல் நிலப்படத்தில் இருந்தது. 2017-இல் முற்றிலும் அரிக்கப்பட்டுவிட்டது என்று ஆய்வில் பதிவானது. மன்னார் வளைகுடாவிலும் தூத்துக்குடிக்கு அருகே விலங்குச்சல்லி, கீழக்கரைக்கு அருகே பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. அங்கு வெப்பத்துக்கு முன்பே பவளத்தை அழித்தது, சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் நடந்த பவள அகழ்வு. அருகே உள்ள வான் தீவைக் காக்கக் கடலுக்குள் செயற்கைத் திட்டுகள் இறக்கப்பட்டுள்ளன.

லட்சத்தீவு மீனவர்கள் தூண்டிலில் சூரை பிடிப்பவர்கள். இரைக்கான சிறு மீன்களைக் காயலிலும் திட்டுகளை ஒட்டியும் உயிருடன் பிடித்துச் செல்வது அங்குள்ள மரபு. ஆழ்கடல் சூரையையே நம்பிய இத்தொழிலால் திட்டு மீன்கள் நெடுங்காலம் பெருமளவில் பிடிக்கப்படாமல் இருந்தன. அண்மைக்காலமாகத் திட்டு மீன்களுக்கும் சந்தை உருவாகி வருகிறது. இறந்த பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்ந்து, இளம் பவளம் ஒட்ட இடம் உண்டாக்குபவை கிளிமீன் போன்ற திட்டு மீன்களே.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் வழி கடல் வெப்பநிலையைக் கணக்கிட்டுப் பவள வெளிறல் எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. எச்சரிக்கை வந்தாலும் கடலைக் குளிர்விக்க எவராலும் இயலாது. உள்ளூரில் செய்யக்கூடியவை சிறியவை: வெளிறிய ஆண்டுகளில் கிளிமீன்களைப் பிடிக்காமல் விடலாம், கழிவுநீர் காயலில் கலப்பதைத் தடுக்கலாம். ஆமைப் பொரிப்பகங்களில் முட்டைக் குழிகளின் மேல் நிழற்பந்தல் அமைத்து மணலின் சூட்டைத் தணிக்கும் முறை பல நாடுகளில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. ருஷிகுல்யா போன்று லட்சக்கணக்கான குழிகள் உள்ள கரையில் அதுவும் சாத்தியமில்லை.