ஜாகிரும் காப்புக்காடும்: ஜவ்வாது, கல்வராயன் மலைகளில் பழைய ஆட்சி தேய்ந்த வரலாறு

நிலப்பிரபுக்களின் ஆட்சி எப்போது முடிந்தது என்ற கேள்விக்கு ஜப்பானிய வரலாற்றில் தெளிவான விடை உண்டு. 1867-இன் இறுதியில் கடைசி ஷோகன் தொக்குகாவா யோஷினோபு ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்தார். 1871-இல் பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகள் ஒழிக்கப்பட்டு மாவட்டங்களாயின. நம் கல்வராயன் மலைக்கும் அப்படிச் சொல்ல ஓர் ஆண்டு உண்டு: 1976. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலைக்கு மட்டும் அப்படி ஓர் ஆண்டு கிடையாது. இரு மலைகளிலும் வாழ்வது பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர்தான். விதைப்பதும் அதே சாமை, அதே கேழ்வரகு. இருந்தும் ஒரு மலையில் ஆட்சிமாற்றம் நாள் குறித்து நடந்தது. மற்றதில் யார் கையிலிருந்து யார் கைக்கு அதிகாரம் போனது என்பதே மங்கலாக இருக்கிறது. ஜவ்வாது மக்களின் இன்றைய நில உரிமைச் சிக்கலுக்கு வேர் இந்த மங்கலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மலையின் தனிமையைப் பற்றி மலைமக்களே வைத்திருக்கும் விளக்கம் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டு வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவான அந்த மரபுக்கதையை 1909-இல் எட்கர் தர்ஸ்டனும் எடுத்துத் தந்தார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டார்கள். ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் எங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்று ஆண்கள் ஊர் வந்து சேர்ந்தபோது கருமாதி முடிந்திருந்தது. மனைவிமார் தாலி இழந்திருந்தனர். உயிரோடு இருந்தும் சாதிக்கணக்கில் செத்துப்போன அவர்கள், வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது ஏறினார்கள். கதை இதற்குச் சக ஆண்டு 1055 என்று காலமும் சொல்கிறது.

அந்த ஆண்டை வரலாற்றுத் தேதியாகக் கொள்ள இடமில்லை. ஆனால் கதையின் உள்ளடக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஜப்பானில் 1630-களின் ஆணைகள் மேலிருந்து வந்தவை; வெளிநாடு சென்ற குடிமகன் திரும்பி வந்தால் மரண தண்டனை. இங்கே ஆணையிட்ட அரசன் யாருமில்லை. கீழ்நாட்டுச் சமூகம் தன் சடங்கால் கதவை அடைத்தது. மலைக்குப் போனவர்கள் அந்தக் கதவைத் திரும்பத் தட்டவில்லை.

அதற்காக மலை முழுக்க மூடிக் கிடந்ததாக எண்ணிவிடக் கூடாது. ஜப்பானும் முழுக்க மூடியிருக்கவில்லை. நாகசாகியின் தெஜிமாவில் டச்சு வணிகர்கள் இருந்தார்கள், சுஷிமா வழியாகக் கொரியாவோடு உறவு இருந்தது. ஜவ்வாதுக்கு ஆலங்காயமும் போளூரும் செங்கமும் அப்படிப்பட்ட வாசல்கள். உப்பும் துணியும் ஏறின. புளியும் தேனும் கடுக்காயும் இறங்கின. சங்க காலத்திலேயே செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் இந்த மலைச்சாரலை ஆளும் குறுநிலத் தலைமையைக் காட்டுகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சோழருக்கு அடங்கியிருந்து பின் தனியரசான சம்புவராயர்கள் மலையடிவாரத்துப் படைவீட்டிலிருந்து ஆண்டு, 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணனிடம் வீழ்ந்தார்கள். இவர்கள் எல்லோரும் அடிவாரத்து ஆட்சியாளர்கள். மலைமேல் அன்றாட வழக்கைத் தீர்த்தவர்கள் ஊர்க்கவுண்டரும் நாட்டாரும்தான்.

கல்வராயனில் நிலைமை வேறு. விஜயநகர அரசர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மானியங்களின் பேரில் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற ஜாகிர்தார்கள் தென் ஆற்காட்டுப் பக்கத்தை வைத்திருந்தார்கள். சேலம் பக்கத்தில் பெரிய கல்வராயனும் சின்னக் கல்வராயனும் அப்படியே இருந்தன. ஜாகிர்தாரும் மலையாளி, குடியானவனும் மலையாளி. வரி வாங்கும் கையும் வழக்குத் தீர்க்கும் வாயும் ஒருவருக்கே சொந்தம்; கூலியில்லாமல் உழைத்துக் கொடுப்பதும் குடிகளின் கடமையாக இருந்தது. நாடு விடுதலை பெற்று, 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் இது மாறவில்லை. 1963-இன் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்து ஜாகிர்தார்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1976 ஜூனில்தான் மலை அரசின் கைக்கு வந்தது. குடியரசு பிறந்து கால் நூற்றாண்டு கடந்தும் அதற்குள்ளே ஒரு பிரபு ஆட்சி இருந்தது என்பதை நம் பாடநூல்கள் மாணவருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஜவ்வாதில் கல்வராயனைப் போல 1976 வரை நீடித்த ஜாகிர் இல்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திருப்பத்தூர் அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியிடம் வந்தது. 1801-இல் ஆற்காட்டு நவாபின் நாடும் போனபின் மலையின் கிழக்குச் சரிவும் அதே கையில் சேர்ந்தது. மலைமக்களுக்கு இந்த இரண்டு தேதிகளும் பெரிதாக உறைத்திருக்காது. உறைத்தது 1882-இன் சென்னை வனச் சட்டம். அதன்கீழ் மலையின் பெரும்பரப்பு காப்புக்காடாயிற்று. ஏர் பூட்டும் உழவுக்காடு ஓரளவு தப்பியது. காட்டைத் திருத்தி, மண்வெட்டியால் கொத்தி விதைத்து, சில ஆண்டில் தரிசாக விட்டு நகரும் கொத்துக்காடு குற்றமாயிற்று. ஜவ்வாதின் சந்தனம் புகழ்பெற்றது. சந்தன மரமோ அப்போது அரசின் உடைமையாக இருந்தது. தன் கொல்லையில் தானாக முளைத்த மரத்தையும் தொட முடியாமல் நின்றான் குடியானவன்.

இங்கே ஜப்பானிய ஒப்பீடு உண்மையாகவே உதவுகிறது. 1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரியின் நான்கு கப்பல்கள் உராகாவுக்கு வந்ததையும் மறு ஆண்டின் கனகாவா உடன்படிக்கையையும்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1873-இன் நிலவரிச் சீர்திருத்தம். உழவனுக்கு நிலப்பத்திரம் கிடைத்தது. நிலமதிப்பில் நூற்றுக்கு மூன்று பணமாக வரி. உழவர் கலகங்களுக்குப் பின் 1877-இல் அது இரண்டரையாகக் குறைந்தது. அதே சீர்திருத்தத்தின்போது, ஊர் மொத்தமும் விறகும் புல்லும் எடுத்துவந்த 'இரியாய்' என்னும் பொதுக்காடுகளில் பெரும்பகுதி, பத்திரம் இல்லை என்ற காரணத்தால் அரசுக்காடாயிற்று. பிரபு போன இடத்தில் வனக்காவலர் வந்து நின்றார். பிரபுக்களின் தலைமுறை மானியங்களுக்கு ஈடாக 1876-இல் அரசு கடன்பத்திரம் கொடுத்தது. பொதுக்காட்டை இழந்த ஊர்களுக்கோ தலைமுறை கடந்த வழக்குகள்தான் மிஞ்சின. ஜவ்வாதில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஆட்சி ஒழிப்பைப் பிரபுவின் வீழ்ச்சியை வைத்து மட்டும் அளப்பது எவ்வளவு குறையுள்ளது என்று புரியும்.

தனிமை குலைந்ததும் ஒரே வழியில் அல்ல. 1950-இன் பட்டியல் மலையாளிகளைப் பழங்குடியாக ஏற்றது; உண்டு உறைவிடப் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கமும் பின்னால் வந்தன. 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு வானாய்வுக்கு இடம் தேடி, மலைமேல் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். ஊர் விளக்குகள் எட்டாத இருட்டு அங்கே இருந்ததே அதற்குக் காரணம். 1968-இல் முதல் தொலைநோக்கி. 1977 மார்ச்சில் யுரேனஸ் வளையங்களைக் கண்டறிந்த நோக்கல்களில் காவலூருக்கும் பங்கு. அதே ஆண்டுகளில் சந்தனக் கடத்தல் மலைக்குள் புகுந்து மரத்தை வேரோடு அழித்தது. கடத்தலின் லாபம் கீழே தங்கியது, வழக்கு மலையில் தங்கியது.

கல்வராயனில் ஜாகிர் விழுந்த 1976-இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஆனால் முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டிப்போகும் தரகர் அந்தச் சட்டத்தைத் தாண்டி நிலைத்தார். அவசரச் செலவுக்குப் புளியமரத்தைச் சமவெளி வியாபாரியிடம் அடகு வைத்தவர், மரம் மீளாதபோது கூலிக்குப் புறப்பட்டார். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்தச் சாவுகளை வனக்குற்றம் என்ற ஒரு சொல்லில் அடைக்க என் மனம் ஒப்பவில்லை. காட்டின் மீதான உரிமை பறிபோய் ஒரு நூற்றாண்டுக்குப் பின், அயல்காட்டு மரத்துக்காக உயிர் விட்டவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. ஆகவே ஜவ்வாது மக்களுக்கு எஞ்சிய பெரிய கருவி 2006-இன் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டுநிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை. ஊருக்குப் பொதுக்காட்டு உரிமையும் உண்டு. தமிழ்நாட்டில் 2008-இன் இடைக்கால நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கி, 2016-இல்தான் தடை விலகியது. ஜாகிர்ப் பதிவேடு போன்ற பழைய தாள் இல்லாத மலைக்கு இந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு வழி இருக்கிறது: மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் எழுத்தில் பதிந்த வாக்குமூலமும், பழைய கிணறும், இடுகாடும், வழிபாட்டிடமும் சான்றாகும். அவற்றை முதலில் எடைபோடும் இடம் கிராமசபை. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சிற்றூர்களில் கொத்துக்காடு போட்ட நினைவுள்ள முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லை இப்போதே எழுதி வாங்க வேண்டும்.