கல்லறைகளைத் தேடிப் போன ஊர்க்காரர்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மன்ரோ என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அதற்கு அருகே, 78ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் 1999இல் ஒரு வரலாற்றுப் பலகை நடப்பட்டது. 1946 ஜூலை 25 அன்று அப்பலாச்சி ஆற்றின் மூர்ஸ் ஃபோர்டு பாலத்தருகே நான்கு கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் ஒன்று சுட்டுக் கொன்றதைச் சொல்லும் பலகை அது. கும்பல் படுகொலையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அந்த மாநிலத்தில் வைக்கப்பட்ட முதல் பலகைகளில் அதுவும் ஒன்று. கொலைக்கும் பலகைக்கும் நடுவில் 53 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த வட்டாரத்து மக்கள் சிலர் கூடி, சம்பளம் எதுவும் இல்லாமல் வேலை செய்திருக்காவிட்டால் அந்தப் பலகை வந்திருக்காது.

கொல்லப்பட்டவர்கள் இரண்டு இளம் தம்பதிகள். ரோஜர் மால்கம், வயது 24. அவர் மனைவி டோரதி, 20. டோரதியின் அண்ணன் ஜார்ஜ் டோர்சி, 28. அவர் மனைவி மே மரே, 23. எல்லோரும் வெள்ளையர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்கள். ஜார்ஜ் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அமெரிக்க ராணுவத்தில் இருந்து, இரண்டாம் உலகப்போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பி ஓராண்டுகூட ஆகவில்லை.

அது என்ன காலம் என்பதைப் பார்க்க வேண்டும். வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கும் கட்சித் தேர்தல் முறையை நீதிமன்றங்கள் அப்போதுதான் ரத்து செய்திருந்தன. ஜார்ஜியாவின் கறுப்பின மக்கள் பெரும் எண்ணிக்கையில் வாக்களித்த ஜூலை 17 தேர்தல் முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த உரிமையைப் பறித்தே தீருவேன் என்று யூஜின் டால்மட்ஜ் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். வாக்குரிமை கைக்கு வரும்போதெல்லாம் கூடவே என்ன வரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூலை 14 அன்று ஒரு தகராறில் வெள்ளைக்கார விவசாயி ஒருவரை ரோஜர் கத்தியால் குத்திவிட்டார். அந்த விவசாயி பிழைத்துக்கொண்டார். ரோஜர் சிறைக்குப் போனார். 25ஆம் தேதி லாய் ஹாரிசன் என்ற நிலச்சொந்தக்காரர் 600 டாலர் ஜாமீன் கட்டி அவரை வெளியே எடுத்து, மற்ற மூவரையும் சேர்த்துக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாலத்தருகே கும்பல் காத்திருந்தது. நால்வரையும் இறக்கி, ஆற்றோரம் இழுத்துப் போய், வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஹாரிசனுக்கு ஒரு கீறலும் இல்லை. கும்பலில் யாரும் முகத்தை மூடியிருக்கவில்லை. ஆனாலும் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை என்றுதான் அவர் சொன்னார்.

நாடே கொதித்தது. அட்லாண்டாவில் படித்துக்கொண்டிருந்த 17 வயது மார்ட்டின் லூதர் கிங் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதிபர் ட்ரூமன் எஃப்.பி.ஐ.யை அனுப்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் கிராண்ட் ஜூரி நூறு பேருக்கு மேல் விசாரித்தது. கொலைக்காக ஒருவர் மீதுகூட வழக்கு இல்லை. ஊரே வாயை மூடிக்கொண்டது. வெள்ளையருக்கு அது கட்டுப்பாடு. கறுப்பருக்கு அது உயிர்ப்பயம். இரண்டையும் ஒரே மாதிரி ‘மௌனம்’ என்று எழுதிவிட்டுப் போகிற வரலாற்று நூல்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

1990களின் தொடக்கத்தில், சிறுவனாக இருந்தபோது மறைந்திருந்து அந்தக் கொலையைப் பார்த்ததாக ஒருவர் பேசினார். அது செய்தியானது. அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த டீன் ரஸ்கின் மகன் ரிச் ரஸ்க் உள்ளிட்ட சிலர் 1997இல் ‘மூர்ஸ் ஃபோர்டு நினைவுக் குழு’வை அமைத்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்த குழு.

அவர்கள் கையில் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று கல்லறை தேடுவது. நால்வரும் ஒரே இடத்தில் புதைக்கப்படவில்லை. அண்ணன் தங்கையான ஜார்ஜும் டோரதியும் ஒரு தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில். மே மரே வேறொன்றில். ரோஜர் மூன்றாவதில். கல்லோ பெயரோ இல்லை, புதர் மண்டிக் கிடந்தது. முதியவர்களிடம் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்து, புதர் வெட்டி, பெயர் பொறித்த கற்களை நட்டார்கள். 1999இல் ஜார்ஜுக்கு ராணுவ மரியாதையோடு நினைவுச் சடங்கு நடந்தது. போர் வீரராக அவருக்கு உரிய அந்த மரியாதையை ராணுவம் தானாக முன்வந்து தரவில்லை. குழு ஏற்பாடு செய்துதான் கிடைத்தது. பிறகு பலகை வந்தது. மாணவர்களுக்கு உதவித்தொகையும் வந்தது.

வேலை என்று பார்த்தால் அரிவாளும் மண்வெட்டியும் மனுவும்தான். ஆனால் கொலை செய்தவர்களின் உறவினர்கள் இன்னும் வாழும் ஊரில் அதைச் செய்தார்கள். ‘பழசைக் கிளறாதீர்கள், ஊர் அமைதியாக இருக்கிறது’ என்ற பேச்சு இல்லாத ஊர் உலகத்தில் எங்கும் கிடையாது.

இந்தக் குழு தொடங்கிய அதே 1997இல்தான், ஜூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே ‘விடுதலைக் களம்’ இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே போவது நம் மக்கள். ஆதிக்க சாதியில் பிறந்த எத்தனை பேர் அந்த நினைவிடத்தைத் தங்கள் ஊரின் வரலாறு என்று நினைத்துப் பெருக்கப் போயிருக்கிறார்கள்? மன்ரோவில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பாதிக்கப்பட்டவர்களே நினைவையும் சுமக்க வேண்டும் என்பதை அங்கே சில வெள்ளையர்களாவது ஏற்கவில்லை.

அதற்காக அந்த ஊரை மெச்சிக்கொள்ள வேண்டாம். 2005இல் கறுப்பின மக்கள் பிரதிநிதிகளும் செயல்பாட்டாளர்களும் அந்தக் கொலையைப் பாலத்தருகே நடித்துக் காட்ட முடிவு செய்தபோது, கொலைகாரர்களாக நடிக்க வெள்ளையர் யாரும் வரவில்லை. கறுப்பர்களே வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு அந்தப் பாத்திரங்களை ஏற்றார்கள். இப்படி நடித்துக் காட்டுவது காயத்தைத் திறப்பது என்று சிலர் முகம் சுளித்தார்கள். காயம் எப்போது மூடியது என்று அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். கல்லறையைச் சுத்தம் செய்யச் சேர்ந்து வருகிறவர்கள்கூட, கொன்றது யார் என்று உரக்கக் கேட்டால் நெளியத் தொடங்குவார்கள். நட்டுவைத்த கல்லோடு வேலை முடியாது என்று வாதிட்டவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். அந்த நடிப்பு ஆண்டுதோறும் தொடர்ந்தது.

வழக்கு 2018இல் மூடப்பட்டது. யார் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. 1946இன் கிராண்ட் ஜூரி விசாரணைப் பதிவுகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பது தெரியவந்து, அவற்றை வெளியிடச் சொல்லி அந்தோணி பிட்ச் என்ற வரலாற்று ஆய்வாளர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் சரி என்றது. பிட்ச் 2019இல் இறந்தார். 2020 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கிராண்ட் ஜூரி ரகசியத்தை உடைக்கும் அதிகாரம் நீதிபதிகளுக்கு இல்லை என்று 8–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த நூறு பேருக்கு மேல் உள்ளே என்ன சொன்னார்கள் என்பதை மன்ரோவின் கறுப்பின மக்கள் படிக்க அந்தத் தீர்ப்பு வழிவிடவில்லை.