பர்மாவில் குவிந்த முதல்: நகரத்தார் வட்டித்தொழிலும் இடர்ப் பகிர்வும்

அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை முதலீட்டுக் கோட்பாட்டில் ஒரு திருப்பமாக அமைந்தது. முதலீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் மட்டும் இடர் குறைவதில்லை; அவை ஒரே காரணத்தால் ஒருசேர வீழக்கூடியனவா என்பதே நோக்கத்தக்கது என அவர் கணித வழியில் நிறுவினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பேரிழப்பின் வாயிலாக இதனை அறிய நேர்ந்த தமிழ் வணிகச் சமூகம் ஒன்றினை ஈண்டு நாம் காண்போம்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் இடர் அறியாதவர் அல்லர். செட்டிநாட்டிலிருந்த முதலாளி தம் விலாசத்தின் பெயரில் கடல் கடந்த ஊர்களில் கடை திறந்து, பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் ஏஜெண்டுகளை அனுப்பினார். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அங்கேயே தொழில் பயின்றனர். உறவினர் பணமும் கோயில் பணமும் தவணைக்கு வந்தன. நடப்பு வட்டியைத் தம்முள் கூடியே உறுதி செய்துகொண்டனர். ஒரு கடை தள்ளாடினால் பிற கடைகள் கைகொடுத்தன. தனியொரு கடனாளி ஏமாற்றுவதால் வரும் இழப்பைத் தாங்க இவ்வமைப்புப் போதுமானதாக இருந்தது.

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விளைச்சல் பெருகியது. காடு திருத்திய உழவர்க்குக் கடன் தேவைப்பட்டது. மேலை வங்கிகள் அவர்களிடம் செல்லவில்லை, நகரத்தார் சென்றனர். 1929–30ஆம் ஆண்டுகளின் பர்மா வங்கித்தொழில் விசாரணைக் குழு, அங்கு ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகளும் 75 கோடி ரூபாய் அளவிலான முதலும் இருந்தனவாக மதிப்பிட்டது. கடனில் மூன்றில் இரண்டு பங்கு உழவர் கையில் இருந்தது.

இங்குதான் நாம் சற்று நிற்க வேண்டும். ஒரே விலாசத்தார் பெகுவிலும் பியாப்பொனிலும் தராவடியிலும் கடை வைத்திருந்தால், பணம் பல ஊர்களில், பல நூறு கடனாளிகளிடம் பரவியிருப்பதாகவே பேரேடு காட்டும். ஆயினும் அத்தனை கடன்களும் நெல் விலை என்னும் ஒன்றையே நம்பியிருந்தன. ஈடாகப் பெற்ற நிலத்தின் மதிப்பும் அதே விலையைப் பொறுத்ததுதான்.

1930இல் நெல் விலை சரிந்தது. உழவரால் வட்டி கட்ட இயலவில்லை. ஈட்டு நிலத்தை வாங்குவாரும் இல்லை. எனவே நிலம் கடன் கொடுத்தோரிடமே வந்து சேர்ந்தது. நெல் விளையும் 13 முதன்மை மாவட்டங்களில் நகரத்தார் நிலவுடைமை 1930இல் 6 விழுக்காடு. 1937இல் 25 விழுக்காடு. இதனை ஆக்கம் எனக் கருதுவது பிழையாகும். தவணைப் பணத்தைக் கேட்டபோது கொடுக்க வேண்டும். நிலத்தையோ விற்க முடியாது. மறுபுறம், தான் திருத்திய மண்ணிலேயே குத்தகையாளனாகிவிட்ட பர்மிய உழவனின் துயரும் சினமும் பொருளற்றவை அல்ல. விலை இடருடன் அரசியல் இடரும் இவ்வாறு சேர்ந்துகொண்டது.

மலாயாவில் நிலை சற்று வேறு. ரப்பர் விலையும் அவ்வாண்டுகளில் வீழ்ந்தது. நகரத்தார் அங்கும் இழந்தனர். எனினும் அவர்தம் கடன்கள் சீன வணிகர், ஈயச் சுரங்கத்தார், தோட்ட உடைமையாளர், நகர வீடுகள் எனப் பலவாறு பிரிந்திருந்தன. கூட்டு மலாய் நாடுகளில் 1913இல் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், அவ்வகை நிலம் பிறரிடம் செல்வதைத் தடுத்தது; 1933இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அன்று நகரத்தார் வெறுத்த இத்தடை, அவர்தம் முதல் சிற்றுழவர் நிலத்தில் முடங்காமல் ஓரளவு காத்தது என்றே நாம் கருதுகிறோம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் போருக்குப் பின்னரும் தொழில் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். போர்க்கால இழப்பு இங்கும் உண்டு. ஜப்பானிய நோட்டில் அடைக்கப்பட்ட கடன்களை எங்ஙனம் மதிப்பிடுவது என்பதற்கு 1948இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

படிப்பினை சிலரை எட்டாமல் இல்லை. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். வெளிநாட்டு நாணய மாற்று அதன் சிறப்புத் தொழிலாயிற்று. அவ்வங்கியும் முதல் நாளன்றே காரைக்குடி, சென்னை ஆகியவற்றுடன் இரங்கூனிலும் கிளை திறந்தது என்பது எண்ணத்தக்கது.

1942இல் ஜப்பானியப் படை இரங்கூனை நெருங்கியபோது ஏஜெண்டுகள் ஊர் திரும்பினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் எஞ்சியிருந்த கடைகளும் மூடப்பட்டன.